நெய்தல் நிலத்து இரங்கற் குரல்
நடிகமணி வைரமுத்துவின் ‘மயான காண்டம்’ - ஒரு திறனாய்வு

பழைய பொருளொன்று அழகுடையதாய்த் தோன்றுவதற்குக் காரணம் இரண்டு. அப்பொருளின்கண் இயல்பாயமைந்த அழகு ஒன்று. அதனைக் காண்பார் உள்ளத்திலே கழிந்த காலத்தைக் குறித்து எழும் ஏக்கம் மற்றொன்று. இவ்விரண்டும் ஒன்றோடொன்று கலந்து நிற்றலின், பழஞ்சுவை பொருந்திய கலைப்படைப்பு ஒன்றை மதிப்பிடப் புகுவோர் இடர்ப்படுதல் இயல்பேயாம். பாட்டனார் காலத்துப் பாட்டு என்பதற்காகவே ஒன்றைப் பாராட்டுதல் திறனாய்வு ஆகாது. பழையது என்ற அளவில் அதனைப் புறந்தள்ளுதலும் அங்ஙனமே. பழைமையின் மணத்தை நீக்கிய பின்னரும் அப்படைப்பில் எஞ்சி நிற்பது யாது என்று வினவுதலே செய்யத்தக்கது.

இவ்வினாவிற்கு உட்படுத்தத் தக்க படைப்புக்களுள் ஈழத் தமிழரிடையே முன்வைத்து எண்ணப்படுவது, நடிகமணி வி. வி. வைரமுத்து அவர்கள் (1924-1989) தலைமைப் பாத்திரமேற்றுப் பாடி நடித்த ‘மயான காண்டம்’ என்னும் இசை நாடகமாகும். காங்கேசன்துறையில் வசந்த கான சபாவை நிறுவி, அரிச்சந்திரன் வேடத்தில் 3000 முறைக்கு மேல் அவர் மேடையேறினார் என்பர். அவர் மறைந்து ஆண்டுகள் பல கழிந்தும் அவர்தம் குரல் ஒலிநாடாக்களின் வழியே இன்றும் கேட்கப்படுகின்றது. நாட்டுப்புற மக்களின் நடுவே வளர்ந்த பழைய பாணி, அதனைத் தாங்கி நின்ற தனிப்பெருங் குரல் என்னும் இரண்டையும் ஒருங்கே ஆராய்தற்கு இதனினும் வாய்ப்பான இலக்கு வேறில்லை. அக்குரலைச் செவிமடுத்தோருள் யாழ்ப்பாணத் தீவகத்தாரை முதன்மையாகக் கொண்டு நோக்குதற்கும் தக்க காரணம் உண்டு.

ஊர்காவற்றுறையை அடுத்த கரம்பனிற் பிறந்த தனிநாயக அடிகள் (1913-1980), நிலத்தின் இயல்பு பாட்டின் இயல்பைத் துணிகின்றது என்பதனைச் சங்கச் செய்யுள்களைக் கொண்டு உலகறிய விளக்கியவர். அவர் பிறந்த நிலமோ நாற்புறமும் கடல் சூழ்ந்த நெய்தல். நெய்தலுக்குத் தொல்லாசிரியர் வகுத்த உரிப்பொருள் இரங்கல் ஆகும். அன்றியும், இறந்தார்க்கு முழக்கும் பறைக்கும் நெய்தல் என்றே பண்டு பெயர் வழங்கிற்று. கடற்கரையையும் இரங்கலையும் சாப்பறையையும் ஒரே சொல்லினாற் குறித்த மொழியிலே, சுடலையிற் பாடப்பெறும் நாடகமொன்று கடல் சூழ்ந்த தீவுகளில் விடியும்வரை கேட்கப்பட்டது வியப்பன்று.

தீவகத்து மக்களின் செவி வெறுஞ் செவியன்று, பழகிய செவி. கரைவலை இழுப்போர் பாடும் அம்பாப் பாடல்களில் ஒருவன் முன்னெடுத்துப் பாட, ஏனையோர் அவ்வடியின் ஈற்றைப் பற்றிப் பின்னிசைப்பர். முன்னெடுப்பவன் குரல் காற்றையும் அலையையும் ஊடறுத்துச் செல்லுதல் வேண்டும். சொல் சிதைதலும் ஆகாது. சொல் சிதையின் கைகள் ஒருங்கே இழுபடா; வலை கரையேறாது. ஊர்காவற்றுறைப் பகுதியின் மெலிஞ்சிமுனை முதலிய கத்தோலிக்க ஊர்களில் வளர்ந்த நாட்டுக்கூத்திலும், அண்ணாவியார் பாட்டும் அதனைத் தொடரும் பிற்பாட்டும் இம்முறையினவே. ஆகவே, நல்ல முன்பாட்டுக்காரனை இனங்காணுதல் இம்மக்களுக்கு வாழ்க்கைத் தேவையாகவே அமைந்திருந்தது. குரலின் இனிமையை அவர்கள் இரண்டாவதாகவே கொண்டனர். சொல்லைச் சுமந்து தொலைவுவரை கொண்டு செல்லும் ஆற்றலே அவர்களுக்கு முதன்மையாயிருந்தது.

வேலணையிலும் புங்குடுதீவிலும் நயினாதீவிலும் நெடுந்தீவிலும் கோயிற்றிருவிழாக் காலங்களில் வீதியிற் கொட்டகையிட்டு நாடகம் ஆடுவித்தல் முற்காலத்து வழக்கம். பனையோலைப் பாயும் பெற்றோமக்ஸ் விளக்கும் கொண்ட அவ்வரங்கிற்குத் திரை ஒன்று, ஆர்மோனியம் ஒன்று, மிருதங்கம் ஒன்று என்பவையே பெரும்பான்மையும் மூலதனமாம். இவற்றை வண்டியிலும் வள்ளத்திலும் ஏற்றிக்கொண்டு ஊரூராகச் செல்லும் நாடகக் குழுவிற்குக் காட்சிச் சிறப்பு இயலாதது. எனவே, அயோத்தி அரண்மனையும் காசி நகரத்துச் சுடலையும் பாடுவோரின் குரலினாலேயே எழுப்பப்பட வேண்டியவாயின.

இனி, இவ்விசையின் வரலாற்றைச் சுருங்க நோக்குதல் தகும். தமிழகத்தில் சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922) புராணக் கதைகளையும் காவியக் கதைகளையும் பாட்டும் வசனமும் விரவிய நாடகங்களாக யாத்தளித்தார். கருநாடக இசையின் இராகங்களும், மராட்டிய, பார்சி நாடகக் குழுக்கள் வழியாக வந்த மெட்டுக்களும், நாட்டுப்புறத்துச் சிந்தும் கும்மியும் அவற்றில் ஒருங்கு கலந்தன. எஸ். ஜி. கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் அந்நெறியின் கொடுமுடிகளாவர். அவ்விருவரும் இணைந்து நடிக்கத் தொடங்கிய களங்களுள் 1920களின் கொழும்பு மேடை குறிப்பிடத்தக்கது. யாழ்ப்பாணத்தில் இவ்வகை நாடகம் ‘கொட்டகைக் கூத்து’ எனவும் ‘டிறாமா மோடி’ எனவும் பெயர் பெற்று ஊர்க் கலைஞரால் கைக்கொள்ளப்பட்டது. 1931இல் தமிழ்ப் பேசும் படம் தோன்றியது. மேடையின் முதல்வர் பலர் படத்துறைக்குச் சென்றனர். ஒலிபெருக்கியும் ஒலிவாங்கியும் மென்மையாகப் பாடும் புதுக் குரல்களுக்கு வழிவகுத்தன. திறந்த வெளியில் ஆயிரவர்க்குக் கேட்கப் பாடும் குரல் பழங்குரல் ஆயிற்று.

ஆகவே, வைரமுத்து அவர்கள் தம் புகழின் உச்சத்தில் நின்ற 1950களிலும் 1960களிலுமே அவர் பாணி பழம்பாணிதான். அவரைக் கேட்ட இளைஞர் வீடு திரும்பி வானொலியிற் கேட்டது வேறோர் இசை. பழமையைத் தெரிந்தெடுத்தே அவர் பாடினார், வேறு வழியின்மையாலன்று. இவ்வுண்மையை மனங்கொள்ளாது அவரைப் ‘பழைய காலத்துக் கலைஞர்’ என்று மட்டும் கூறி அமைவது அவர்தம் கலையறிவைக் குறைத்து மதிப்பிடுவதாகும்.

இத்தகைய தெரிவு உலகின் பிற இடங்களிலும் காணப்படுவதே. அமெரிக்காவின் தென்மாநிலத்து உழவரும் தொழிலாளரும் வளர்த்த நாட்டுப்புற இசைக்குக் ‘கன்றி’ இசை என்பது பெயர். அவ்விசையின் தந்தையெனப் போற்றப்படும் ஜிமி ரொஜர்ஸ், தொண்டையை உடைத்து உச்சத்திற்குத் தாவும் ஒருவகைக் குரலாற் புகழ்பெற்றவர். அவர் காலமான 1933ஆம் ஆண்டிலேயே நம் கிட்டப்பாவும் இருபத்தேழாம் வயதில் மறைந்தார். ஒருவரையொருவர் அறியாத அவ்விருவரின் குரலும் கிராமபோன் இசைத்தட்டுக்களில் நிலைத்துப் பின்வந்தோர்க்கு இலக்கணமாயின. பிற்காலத்தில், 1988இல், கனடா நாட்டுப் பாடகி கே. டி. லாங் ‘ஷடோலாண்ட்’ என்னும் இசைத்தொகுப்பை வெளியிட்டார். 1963இல் விமான விபத்தில் இறந்த பற்சி கிளைன் என்னும் பாடகியின் பாட்டுக்களைப் பதிவுசெய்த ஓவன் பிராட்லியை, ஓய்விலிருந்து வருவித்து, அவர் கைவண்ணத்திலேயே அத்தொகுப்பு ஆக்கப்பட்டது. அது பழமையின் படியெடுப்பாகாமற் போனமைக்குக் காரணம் தலைமைப் பாடகியின் குரலே. கருவியமைப்பும் மெட்டும் பழையனவாக இருப்பினும், சொல்லின் பொருளை அப்பொழுதே உணர்ந்து பாடுபவர்போல் அவர் பாடினார். பழம்பாணி வெறும் உடையாக நின்றுவிடுவதும் உயிருள்ள உடம்பாக மாறுவதும் தலைமைக் குரலைப் பொறுத்தன என்பதனை இவ்வெடுத்துக்காட்டு தெளிவுறுத்துகின்றது. இவ்வளவுகோலைக் கொண்டே மயான காண்டத்தையும் அளத்தல் தகும்.

அரிச்சந்திரன் கதை தமிழர் அறிந்ததே. விசுவாமித்திர முனிவர்க்கு நாடளித்து, அவர்க்குச் செலுத்த வேண்டிய பொருளுக்காகக் காசியில் மனைவி சந்திரமதியையும் மகன் லோகிதாசனையும் காலகண்டர் என்னும் அந்தணர்க்கு விற்று, தன்னைச் சுடலைத் தலைவன் வீரவாகுவுக்கு விற்றுப் பிணஞ்சுடும் தொழிலை ஏற்கின்றான் மன்னன். தருப்பை கொய்யச் சென்ற மைந்தன் அரவு தீண்டி இறக்க, நள்ளிரவில் அவன் உடலைச் சுமந்து சுடலைக்கு வருகின்றாள் தாய். காவலனாக நிற்பவன் கணவன். காற்பணமும் முழத்துண்டும் வாய்க்கரிசியும் தராமற் சுடலாகாது என்பது அவ்விடத்து முறை. வாய்க்கரிசி தனக்குரிய கூலியாதலின் அதனை விட்டுக்கொடுக்க அவன் இசைகின்றான். பணமும் துண்டும் ஆண்டைக்கு உரியன ஆதலின் அவற்றை விடுதற்குத் தனக்கு உரிமையில்லை என்கின்றான். அவள் கழுத்திற் கிடக்கும் தாலியைக் காட்டி, அதனை விற்றேனும் தருக என்கின்றான். கணவன் ஒருவன் கண்ணுக்கே புலப்படுதற்குரிய தாலி அது. அதனைக் கண்டவன் யார் என்பது அக்கணமே அவட்குத் தெரிகின்றது. ஆயினும் தெரிந்த பின்னரும் அவன் கடமையினின்று வழுவுகின்றானல்லன்.

இக்கதையிலே அமைந்த அவலத்தைத் தொல்காப்பியர் கூறும் மெய்ப்பாட்டு நெறியால் ஆராயின் ஓர் உண்மை புலனாகும். அழுகை என்னும் மெய்ப்பாட்டிற்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்கு நிலைக்களன்கள் கூறப்பட்டுள. பிறர் இகழ எளியனாதல் இளிவு. உரியவரை இழத்தல் இழவு. பண்டை நிலை கெட்டுத் தளர்தல் அசைவு. நுகரப் பொருளின்மை வறுமை. அவலக் கதைகளுட் பெரும்பாலானவற்றில் இவற்றுள் ஒன்றோ இரண்டோ அமையும். சுடலைக் காட்சியிலோ நான்கும் ஓரிடத்தே குவிந்து நிற்கின்றன. அடிமைத்தொழில் இளிவு, மகன் இறந்தமை இழவு, அரசன் காவலனானமை அசைவு, காற்பணம் இன்மை வறுமை. நான்கும் ஒருங்கே நிற்கும்பொழுது பாடுவோர்க்குக் கண்ணீர் எளிதிற் கைகூடும். எளிதிற் கைகூடுவதே இதன் இடர். அழுது பாடினால் அவையும் அழும். ஆயின் அரிச்சந்திரன் என்னும் மனிதன் அவ்வழுகையில் அமிழ்ந்து மறைந்துபோவான்.

ஏனெனில் அரிச்சந்திரனது அடிப்படை மெய்ப்பாடு அழுகை அன்று, பெருமிதம். கல்வி, தறுகண், இசைமை, கொடை என்னும் நான்கினால் தோன்றுவது பெருமிதம் என்பர். நாட்டைக் கொடுத்தமை கொடை. பழிவரின் உலகுடன் பெறினும் கொள்ளாமை இசைமை. மகன் உடலுக்கு முன் நின்றும் முறை தவறாமை தறுகண். அழுகையின் அடியிலே பெருமிதம் கல்லென நிற்றல் வேண்டும். அக்கல்லின்மீது மோதுவதனாலேயே அவலத்தின் அலை உயர்ந்து எழுகின்றது. நடிகமணியவர்களின் பாட்டைப் பிறர் பாட்டினின்றும் வேறுபடுத்துவது இந்நுட்பத்தை அவர் அறிந்து பாடிய திறமே.

அத்திறத்தை மூன்று கூறாகப் பகுத்துக் காட்டலாம். முதலாவது, விருத்தம் பாடும் முறை. தாளக் கட்டின்றிப் பாடப்பெறும் விருத்தமே இசை நாடகத்தின் உயிர்நிலை. முகாரி, புன்னாகவராளி முதலாய சோகச் சுவைக்கேற்ற இராகங்களில் விருத்தம் பாடுவோர் பலர், அடியின் இறுதியில் நீண்ட சங்கதிகளைப் பெய்து கைதட்டல் பெறுதலை நோக்கமாகக் கொள்வர். வைரமுத்து அவர்களிடத்தும் அவ்வாற்றல் குறைவின்றி இருந்தது. ஆயினும் அவர் சங்கதிகள் சொல்லை மூடுவனவல்ல. சீரின் முதலெழுத்துத் தெளிவாக விழும்; மெல்லினமும் வல்லினமும் தத்தம் வலியொடு ஒலிக்கும்; பொருள் முற்றிய பின்னரே இராகம் விரியும். அம்பாப் பாட்டிற் பழகிய தீவகத்துச் செவிகள் அவரை உடனே ஏற்றுக்கொண்டமைக்கு இச்சொற்றெளிவே முதற் காரணம் என்று கொள்ளலாம்.

இரண்டாவது, வசனத்திலிருந்து பாட்டிற்குச் செல்லும் வாயில். நாடக நடிகர் பலரிடத்து வசனம் ஒருவர் குரலிலும் பாட்டு மற்றொருவர் குரலிலும் வருவதுபோல் தோன்றும். ஆர்மோனியம் சுருதி தந்தவுடன் பாத்திரம் மறைந்து பாடகர் வெளிப்படுவார். நடிகமணியவர்கள் வசனத்தின் கடைசிச் சொற்களையே சுருதியோடு சேர்த்து உயர்த்தி, எவ்விடத்திற் பேச்சு முடிந்தது, எவ்விடத்திற் பாட்டுத் தொடங்கிற்று என்று கேட்போர் பிரித்தறியாதவாறு பாட்டினுள் நுழைவார். துயரம் மிக்குப் பேச்சு தாங்காத கட்டத்திலே மனிதன் பாடுகின்றான் என்னும் மயக்கம் இதனால் உண்டாகின்றது. பாட்டு நாடகத்தின் அணியாகாமல் அதன் இன்றியமையாமை ஆகிவிடுகின்றது.

மூன்றாவது, அடக்கம். சுடலைக் காவலனாக நின்று முறைப்பணம் கேட்கும் பகுதியிலே, கேட்பவள் யாரென அறியாத நிலையில், அவன் குரல் ஓர் ஊழியனின் குரலாகவே இருத்தல் வேண்டும். அவையோர்க்கு உண்மை தெரியும், பாத்திரத்திற்குத் தெரியாது. அவையோரின் இரக்கத்தை முன்கூட்டியே பெற விழையும் நடிகர் இவ்விடத்திலேயே குரல் தழுதழுப்பர். அது நாடகத்தைக் கெடுக்கும். நடிகமணியவர்களோ அவ்விடத்துக் குரலை இறுக்கிக் கணக்குப் பேசுபவர்போலவே பாடிச் செல்வார். மகன் முகத்தைக் கண்டறியும் கட்டத்தில் அக்குரல் உடைகின்றது. உடைந்தது இறுக்கமாதலின் அதன் ஓசை பெரிதாயிற்று. அதனை அடுத்தும் கடமையைக் கூறுமிடத்துக் குரல் மீண்டும் தன் பழைய சுருதிக்கே வந்து நிற்கும். பெருமிதம் என்னும் கல் அங்கே வெளிப்படுகின்றது.

தலைமைப் பாடகரின் சிறப்பைக் கூறுங்கால் உடன்பாடியோரை மறத்தல் நன்றியன்று. மயான காண்டத்தின் துயரத்திற் பெரும்பங்கு சந்திரமதியுடையது. மைந்தன் உடலை மடியிற் கிடத்தி அவள் புலம்பும் நீண்ட பகுதி, யாழ்ப்பாணத்துச் சாவீட்டு ஒப்பாரியை மேடையில் ஏற்றியது போன்றது. யாழ்ப்பாண மேடையிற் பெண் வேடத்தையும் ஆடவரே ஏற்று நடித்த காலத்தில், அப்புலம்பலை நகைப்பிற்கு இடமின்றி நிகழ்த்திய கலைஞரின் உழைப்புப் பெரிது. ஆர்மோனியக்காரர் மேடையோரத்திலிருந்து சுருதி கொடுப்பவர் மட்டுமல்லர். பின்பாட்டுப் பாடி, மூச்சு வாங்க இடந்தந்து, அவையின் நிலையறிந்து பாட்டை நீட்டவும் குறுக்கவும் செய்பவர். இளங்கோவடிகள் அரங்கேற்று காதையில் ஆடலாசிரியன் முதல் குழலோன், யாழாசிரியன் வரை ஒவ்வொருவர்க்கும் தனித்தனியே இலக்கணம் வகுத்தமை, ஒருவர் திறம் பலர் துணையால் ஒளிபெறும் என்னும் உண்மையை உணர்ந்தமையாலன்றோ?

குறைகளையும் கூறாதொழிதல் திறனாய்வின் நடுநிலைக்கு ஒவ்வாது. ஒரே நாடகத்தை ஆயிரக்கணக்கான முறை ஆடுதலால் விளையும் முதற் குறை, அவையோர் எதிர்பார்ப்பிற்கு அடிமையாதல். குறித்த பாட்டைக் குறித்த சங்கதியோடு கேட்கவே மக்கள் வந்தனர். மறுமுறையும் பாடுக என வேண்டினர். மகன் இறந்து கிடக்க, அதே விருத்தம் இரண்டாம் முறை பாடப்படுமாயின் காலம் நின்றுவிடுகின்றது, அவலம் கச்சேரியாகின்றது. இரண்டாவது, கதையின் முற்பகுதிகள் மெலிந்து, சுடலைக் காட்சி ஒன்றே முழு நாடகமாகி நின்றமை. அரசனாக அவன் பெற்றிருந்த பெருவாழ்வைக் காணாதவர்க்கு அவன் வீழ்ச்சியின் ஆழம் முழுவதும் புலப்படாது. கதையை முன்னரே அறிந்த அவைக்கு இது பெருங்குறையாகத் தோன்றவில்லை. கதையறியாத பிற்காலத்து இளைஞர்க்கோ தோன்றும். மூன்றாவது, கதையிலேயே உள்ள குறை. கணவன் வாய்மையைக் காக்க மனைவியும் மகனும் விலைபோயினர். அவர்தம் இசைவு எங்கே கேட்கப்பட்டது என்று இக்காலத்து மாணவியர் வினவின், நாடகத்தினுள் நேரான விடையில்லை. சந்திரமதியின் ஒப்பாரியே அதற்கு விடை போலும். அவ்வொப்பாரியைக் குறைக்காமல் முழுவதும் பாட இடமளித்தமையினால், தலைவன் பெருமையோடு அதற்கு அவள் கொடுத்த விலையையும் இந்நாடகம் மறைக்காது காட்டிற்று எனலாம்.

இக்கலையிலே பொதிந்து கிடந்த சமுதாயப் பொருளும் ஈண்டு எண்ணத்தக்கது. யாழ்ப்பாணச் சமுதாயம் சாதிக் கட்டுப்பாடுகளால் இறுகிய ஒன்று. 1960களின் பிற்பகுதியில் ஆலயப் பிரவேசத்திற்காகப் போராட்டங்கள் நிகழ்ந்தமை வரலாறு. அத்தகைய சமுதாயத்தின் கோயில் வீதியிலே, முடிமன்னன் சுடலைத் தொழிலாளியின் ஆளாகி, ‘ஆண்டை’ என்று அவனை அழைத்து, அவன் பொருளைக் காத்துநின்ற கதை பாடப்பட்டது. அக்கதையில் மன்னனின் வாய்மைக்கு அடைக்கலம் தந்தது வீரவாகுவின் சுடலையே. நடிகமணியவர்கள் நந்தனார் வேடத்தையும் ஏற்றுப் புகழ்பெற்றவர். கோயில் வாயிலில் தடுக்கப்பட்டவனின் குரலும், அரியணையினின்றும் சுடலைக்கு இறங்கியவனின் குரலும் ஒருவர் மிடற்றினின்றே எழுந்தன. மேடைக்கு முன் வேறுவேறாகப் பிரிந்து இருந்த மக்கள் ஒரே இடத்திற் கண்ணீர் விட்டனர். அக்கண்ணீர் மறுநாள் அவர்தம் ஒழுக்கத்தை மாற்றிற்று என்று கூறுதல் மிகையாகும். எனினும், கேட்டதனைக் கேளாததாக்குதல் இயலாது.

பேராசிரியர் சு. வித்தியானந்தன் அவர்கள் (1924-1989) பேராதனைப் பல்கலைக்கழகத்து மாணவரைக் கொண்டு கர்ணன் போர், இராவணேசன், வாலிவதை முதலாய கூத்துக்களை 1960களிற் செம்மைப்படுத்தி மேடையேற்றினார்கள். அதே காலத்தில் வைரமுத்து அவர்கள் ஊர்க் கொட்டகையில் இசை நாடகத்தைக் காத்துநின்றார்கள். ஒரே ஆண்டிற் பிறந்து ஒரே ஆண்டில் மறைந்த இவ்விருவருள் ஒருவர் கற்றோர் அவையிலிருந்து மரபை நோக்கிச் சென்றவர். மற்றவர் மரபினுள்ளேயே நின்று அதனைச் செப்பஞ் செய்தவர். முன்னவர் பணிக்குப் பல்கலைக்கழகம் சான்றாக நூல்களையும் மாணவரையும் வைத்திருக்கின்றது. பின்னவர் பணிக்கு அத்தகைய அரண் குறைவு. அதுவே இன்று கவலைக்குரியது.

ஏனெனில், அக்குரல் ஒலித்த இடங்களே வெறுமையாயின. 1990ஆம் ஆண்டிலே போரினாற் காங்கேசன்துறை மக்கள் ஊரை விட்டகன்றனர். அவ்வூர் நெடுங்காலம் உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. அவ்வாண்டிலும் அதனையடுத்தும் தீவக மக்களும் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். வேலணையிலும் புங்குடுதீவிலும் வீடுகள் கூரையிழந்து நின்றன. அவ்வீட்டார் கொழும்பிலும் தொரொன்ரோவிலும் பாரிசிலும் வாழ்வு தேடினர். பாடியவர் 1989இல் மறைந்தார். கேட்டவர் அடுத்த ஆண்டே சிதறினர். நாட்டை இழந்து, வேற்றூரிற் பிறர்க்குத் தொழில் செய்து, மனைவி மக்களைப் பிரிந்து, தன் பெயரையும் வெளியிட இயலாது வாழ்ந்தவன் கதையை, அந்நிலை அனைத்தும் தம்மேல் வந்துற்ற மக்கள் ஒலிநாடாவிலே மீண்டும் கேட்டனர். தொல்காப்பியர் கூறிய இளிவும் இழவும் அசைவும் வறுமையும் அவர்க்கு ஏட்டுச் சொற்களாயிருக்கவில்லை.

இவ்விடத்திலே தொடக்கத்தில் எழுப்பிய வினா தன் முழு வலியோடும் எழுகின்றது. அவர்கள் கேட்டது கலையையா, இழந்த ஊரையா? இரண்டையும் என்பதே நேரிய விடை. ஆயினும் அவற்றைப் பிரித்தறிய ஒரு வழி உண்டு. தீவகத்தைக் கண்டிராத, திருவிழாக் கொட்டகையை அறியாத இளையர் ஒருவர், வெளிநாட்டு வீட்டிலே தந்தையார் கேட்கும் ஒலிநாடாவைத் தற்செயலாகச் செவிமடுத்து, விருத்தத்தின் நடுவே தம் செயலை நிறுத்தி நிற்பாராயின், அங்கே செயற்படுவது ஏக்கமன்று. அவரிடத்து ஏங்குதற்குரிய நினைவே இல்லை. அவரை நிறுத்தியது சொல்லின் தெளிவு, குரலின் இறுக்கம், அது உடையுமிடத்தின் உண்மை என்பனவே. பழமையின் மணம் நீங்கிய பின்னரும் எஞ்சி நிற்பது இதுவேயாம்.

ஒலிநாடா தாராததும் உண்டு. அவையோர் மூச்சடக்கி இருந்த அமைதியையும், ஆர்மோனியக்காரரின் கண்சாடையையும், கோயில் வீதியிலே அரங்கேறிய சுடலை என்னும் முரண்பட்ட பொருத்தத்தையும் நாடா பதிந்திலது. வெட்டவெளிக்கென வளர்ந்த குரல் சிறு அறையின் ஒலிப்பெட்டியிற் சற்றுக் கடுமையாகவே ஒலிக்கின்றது. அக்கடுமையைக் குறையென எண்ணுவோர், அக்குரல் கடக்க வேண்டியிருந்த தொலைவை எண்ணிப் பார்த்தல் வேண்டும். கடற்காற்று வீசும் வெளியிலே, கடைசிப் பாயில் அமர்ந்த முதியவளின் செவிவரை ஒவ்வொரு சொல்லும் செல்லுதற்கென அளந்தெடுத்த வலிமை அது.

ஆதலின், இவ்விசையைப் போற்ற விரும்புவோர்க்குரிய கடமை பாராட்டுரையோடு முடிவதன்று. எஞ்சியுள்ள ஒலிநாடாக்களை அழியாத வடிவிற் படியெடுத்தல், பாட்டுக்களின் இராகத்தையும் அடங்கன்முறையையும் குறியீட்டில் எழுதிவைத்தல், உடன்பாடிய முதியோர் உயிரோடிருக்கும்பொழுதே அவர்பாற் கேட்டறிதல் என்பன கல்லூரி மாணவராலும் இயல்வனவே. இவற்றினும் மேலாக ஒன்றுண்டு. நடிகமணியவர்களின் சங்கதிகளை அவ்வாறே திருப்பிப் பாடும் குரல்கள் பலவாகத் தோன்றலாம். அவை நினைவுச் சின்னங்களாக நிற்கும். அவர் சொல்லுக்குத் தந்த மதிப்பையும், துயரத்தின் நடுவே காத்த அடக்கத்தையும் கைக்கொண்டு தம் குரலிற் பாடும் ஒருவர் தோன்றுவாராயின், சுடலைக் காவலன் மீண்டும் ஒருமுறை முறைப்பணம் கேட்பான். கேட்பவர் யாரென அவையோர் அறிந்திருந்தும், அறியாதார்போல் அஞ்சி இருப்பர். மரபு வாழ்கின்றது என்பதற்கு அதனினும் தக்க சான்று வேறு வேண்டுவதில்லை.